வளர வளர உன்கூட

எங்கள் குடும்பப் பெயர் போஸ்பிசில். தாத்தாவின் செக் மொழியில் அதற்கு ‘அவசரப்பட்டான்’ என்று பொருள். எந்தப் பாட்டன் எதற்காக அவசரப்பட்டானோ தெரியாது. ஆனால் பெயருக்குப் பங்கம் வராமல் நடந்துகொண்டவன் என் தம்பி லைல். அவன் மகள் ஜோஸ்லின் எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே, நாலு வருடம் கழித்து அவள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு வாலிபால் ஆடுவாள் என்பதை முடிவு செய்துவிட்டான்.

ஊரில் யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. வயலில் முழங்கால் உயரம் நிற்கிற மக்காச்சோளத்தையே அறுவடைக்கு முன் விலை பேசுகிறவர்கள் நாங்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, வியாபாரம். அதிலும் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் வாலிபால் என்றால் பாதி மதம். ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் எடையைக் கேட்கமாட்டார்கள், நீளத்தைத்தான் கேட்பார்கள்.

நான் டார்லீன். லைலுக்கு இரண்டு வயது மூத்தவள். கடைத்தெருவில் பேக்கரி வைத்திருக்கிறேன். பிளம் பழக்கூழ் வைத்த கொலாச்சி பன்னும், எழுத்து எழுதிய கேக்கும் என் பிழைப்பு. யார் எதைக் கொண்டாடினார்கள், பிறகு எப்போது வாயை மூடிக்கொண்டார்கள் என்பதெல்லாம் கேக்கில் எழுதுகிறவளுக்குத் தெரியாமல் போகாது.

இது நடந்தது இரண்டாயிரத்துப் பதினான்கில். அப்போது ஒரு விதி இருந்தது. பல்கலைக்கழகக் கோச் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் போன் செய்யக்கூடாது. பிள்ளையே போன் செய்தால் கோச் எடுத்துப் பேசலாம். இந்த விதியை எழுதியவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் என்று கேள்வி.

ஜோஸ்லின் வார இறுதிகளில் ஆடிய கிளப் அணிக்கு ட்ரிஷ் என்றொருத்தி கோச். அவள்தான் நடுவில் நின்று தரகு வேலை பார்த்தாள்.

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வெஸ்ட் ப்ரெய்ரி யுனிவர்சிட்டி கோச் போன் பக்கத்துல சும்மா உக்காந்திருப்பாங்க. நான் ஒண்ணும் சொல்லல,” என்றாள் ட்ரிஷ்.

“நீ ஒண்ணும் சொல்லல,” என்று லைலும் ஒப்புக்கொண்டு, நம்பரை எழுதிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை லைல் வீட்டுச் சமையலறையில் நாங்கள் நாலு பேர் கூடினோம். லைல், அவன் மனைவி டானெட், ட்ரிஷ், நான். நடுவில் மேஜைமேல் போன். அதன் முன்னால் ஜோஸ்லின், பல்லில் கம்பி கட்டிய வாயோடு.

“நான் என்ன சொல்லணும்?”

“ஹலோ சொல்லு. மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க,” என்றாள் ட்ரிஷ்.

கோச் முதல் மணியிலேயே எடுத்தாள். குரலில் தேன் வழிந்தது. “ஜோஸ்லினா? நீயா போன் பண்ற? நான் எதிர்பார்க்கவே இல்லம்மா.” பிறகு விஷயத்துக்கு வந்தாள். “உனக்காக ஒரு இடம் எடுத்து வெச்சிருக்கோம். நாலு வருஷமும் முழு ஸ்காலர்ஷிப். அவசரமே இல்ல, யோசிச்சுச் சொல்லு. ஆனா வெள்ளிக்கிழமை இன்னொரு பொண்ணு போன் பண்றா. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ, நீ வளர வளர நாங்க உன்கூட இருப்போம்.”

டானெட் அழுதுவிட்டாள். லைல் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினான். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். ஜோஸ்லின் எங்கள் நாலு முகத்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, போனுக்குள் “சரி” என்றாள். அப்புறம் எங்களிடம் கேட்டாள்: “இப்ப பிட்சா சாப்பிடலாமா?”

இதற்கு வாய்வார்த்தை என்று பெயர். கையெழுத்து கிடையாது, காகிதம் கிடையாது. கையெழுத்து பன்னிரண்டாம் வகுப்பில்தான். அதுவரைக்கும் அவர்கள் வாயால் வடை சுடுவார்கள், நாங்கள் கையில் எண்ணெய் வழிய வழியத் தின்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூடத்தில் விருந்து. கேக் என்னுடையது. வெஸ்ட் ப்ரெய்ரியின் கத்தரிப்பூ நிறத்தில் மூன்றடுக்கு. அதன்மேல் வெள்ளைக் கிரீமில், என் கையால், கோச் சொன்ன அதே வார்த்தை: ‘வளர வளர உன்கூட’. நூற்றிருபது பேர் அந்த வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் தின்றார்கள். ஒருத்தரும் அதை இரண்டாம் முறை படிக்கவில்லை.

லைல் கேக்கோடு நிற்கவில்லை. நூறு வருடமாகச் சிவப்பாக இருந்த தானியக் கொட்டகைக்குக் கத்தரிப்பூ வர்ணம் அடித்தான். நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள்.

“என்ன லைல், கொட்டகைக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் பக்கத்துப் பண்ணை ஆல்வின்.

“பொண்ணு அங்க ஆடப் போறா.”

“எப்போ?”

“இன்னும் நாலு வருஷத்துல.”

“அதுக்குள்ள வெளுத்துடும்டா,” என்றார் ஆல்வின். வர்ணத்தைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

உயரத்துக்கு வருகிறேன். வாலிபாலில் வலைக்கு மேலே எழும்பி அடிக்கிறவள் ஒருத்தி, அவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள் இன்னொருத்தி. வெஸ்ட் ப்ரெய்ரி வாங்கியது அடிக்கிறவளை. ஜோஸ்லின் அப்போது ஐந்தடி எட்டு. எட்டாம் வகுப்புக்கு அது பனைமரம். ஆனால் பல்கலைக்கழகத்தில் அடிக்க அது போதாது, ஆறடி இரண்டு அங்குலமாவது வேண்டும். வரும் என்று சொன்னது ட்ரிஷின் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஆதாரம் லைல் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் எங்கள் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் வாசலில் கொடுத்த சிறுபுத்தகத்தின் ஒரு பக்கம். ‘லைல் போஸ்பிசில், தடுப்பு வரிசை, ஆறடி நாலு, இருநூற்று நாற்பது பவுண்டு.’

“அப்பா ஆறடி நாலு, அம்மா அஞ்சடி ஒன்பது. பொண்ணு ஆறடி ரெண்டுக்குக் கீழ வர வாய்ப்பே இல்ல,” என்று ட்ரிஷ் கோச்சிடம் சொல்லியிருந்தாள். லைல் தடித்த அடி வைத்த பூட்ஸும் தொப்பியும் போட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவன். அவனை அளக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

மகளைத்தான் அளந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயம் விட்டு வந்ததும், சமையலறைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, தலையில் புத்தகம் வைத்து, பென்சிலால் கோடு. முதல் வருடம் கால் அங்குலம். இரண்டாம் வருடம் இன்னொரு கால். அதற்குப் பிறகு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நிலையில் அந்த இடமே கறுத்துவிட்டது.

லைல் சும்மா இருக்கவில்லை. பால் காலன் கணக்கில் வந்தது. டிராக்டர் கொட்டகையில் இரும்புக் கம்பி கட்டித் தினம் இருபது நிமிடம் தொங்கச் சொன்னான். பெண்ணும் தொங்கினாள். கைதான் நீண்டதோ என்னவோ.

“மூச்சை இழுத்துப் பிடி,” என்பான் அளக்கும்போது.

“மூச்சுக்கு உயரம் கிடையாதுப்பா,” என்பாள் அவள்.

சனிக்கிழமை காலையில் என் கடைக்கு வந்து கொலாச்சியில் பழக்கூழ் வைப்பது அவள் வழக்கம். ஒருநாள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அத்தை, எனக்கு அடிக்கப் பிடிக்கல. தூக்கிக் குடுக்கத்தான் பிடிக்குது. பந்து விரல்ல வந்து உக்காந்ததும், யாருக்கு அனுப்பலாம்னு அந்த அரை நொடி இருக்கு பாருங்க. அதுக்காகத்தான் ஆடறேன்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். அதெல்லாம் குள்ளச்சிங்க வேலைன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“நான் குள்ளச்சிதான்ப்பான்னு சொன்னேன். எந்திரிச்சுப் போய்க் கொட்டகைக்கு இன்னொரு கோட்டிங் அடிக்கறாரு.”

சிரித்துவிட்டேன். அன்றைக்கே அவளிடம் ஒரு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அடுப்பில் தட்டு இருக்கிறது என்று எழுந்துபோய்விட்டேன்.

பதினோராம் வகுப்பு அக்டோபரில் ட்ரிஷ் மறுபடி வந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

“செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஜோஸ்லின் கோச்சுக்குப் போன் பண்ணினா நல்லது.”

விதி அப்போதும் அதேதான். கோச் கூப்பிடக்கூடாது, பெண்தான் கூப்பிட வேண்டும். அதாவது, உன்னைக் கழற்றிவிடுவதற்கும் நீயேதான் போன் போட வேண்டும். எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிகூட கசாப்புக் கடைக்காரனுக்குப் போன் போட்டதில்லை.

அதே சமையலறை, அதே நாலு பேர், அதே மேஜை. மணி ஐந்தாறு முறை அடித்தபிறகு கோச் எடுத்தாள். தேன் தீர்ந்துபோயிருந்தது.

“ஜோஸ்லின், நாங்க சொன்ன வார்த்தையில மாத்தமே இல்லம்மா. நீ வளர வளர கூட இருப்போம்னு சொன்னோம். கடைசியா எப்ப அளந்தீங்க?”

“ஞாயித்துக்கிழமை. அஞ்சடி எட்டரை.”

“அதான்.”

அந்த ‘அதான்’ என்ற சொல்லில்தான் எனக்கு என் கேக் ஞாபகம் வந்தது. வெள்ளைக் கிரீமில் நான் எழுதியது அன்பு இல்லை, நிபந்தனை. கூட இருப்போம், வளர வளர. வளர்வது நின்றால் நாங்களும் நின்றுவிடுவோம். கோச் பொய்யே சொல்லவில்லை. நாங்கள்தான் காதில் பூ வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறோம்.

“எனக்கு அடிக்க வேணாம், கோச்,” என்றாள் ஜோஸ்லின். “தூக்கிக் குடுக்க நல்லா வரும். ஸ்கூல் டீம்ல அதுதான் செய்யறேன். ஒரு தடவை வந்து பாருங்க.”

“அந்த இடத்துக்கு ஆள் ஆயிடுச்சும்மா. ஒன்பதாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி.”

லைல் போன்மேல் கவிழ்ந்தான். “மேடம், நான் ஜோஸ்லின் அப்பா. எங்க பரம்பரையே லேட்டா வளரும். என்னையே எடுத்துக்கோங்க, நான் ஆறடி நாலு.”



“போன வருஷம் நீங்க எங்க மேட்ச் பாக்க வந்தப்ப உங்ககூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன் சார்,” என்றாள் கோச். “நான் ஆறடி ரெண்டு. உங்க கண்ணுக்கு நேரா என் கண்ணு இருந்துச்சு. நீங்க பூட்ஸ் போட்டிருந்தீங்க.”

போனை வைத்ததும் ட்ரிஷ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஜோஸ்லின் தன் பெயரில் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டிய அறிக்கை. ‘நீண்ட யோசனைக்கும் ஜெபத்துக்கும் பிறகு, எனக்கேற்ற வேறு வழியைத் தேட முடிவு செய்திருக்கிறேன். என்மீது நம்பிக்கை வைத்த கோச்சுக்கு மனமார்ந்த நன்றி.’

ஜோஸ்லின் அதை இரண்டு முறை படித்தாள். எங்கள் வீட்டில் எதையும் இரண்டு முறை படித்த முதல் ஆள் அவள்.

“நான் எப்ப யோசிச்சேன்?”

“எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்கம்மா,” என்றாள் ட்ரிஷ்.

“ஜெபம் யாரு பண்ணது?”

ட்ரிஷ் தாளை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

“இங்க பாரு,” என்றாள் ட்ரிஷ். “இந்த உலகம் ரொம்பச் சின்னது. நன்றி சொல்லிட்டுப் போற பொண்ணைத்தான் அடுத்த கோச் கூப்பிடுவாங்க. வேற ஏதாவது எழுதின, அதோட உன் ஆட்டம் முடிஞ்சுது. எந்தக் காலேஜும் தொடாது.”

ஜோஸ்லின் முகம் வெளுத்துவிட்டது. பல்கலைக்கழகம் கைவிட்டுப் போனதற்கு அவள் கலங்கவில்லை. ஆட்டம் முடிந்தது என்றதும்தான் விரல்களை மடக்கி மேஜைக்கடியில் வைத்துக்கொண்டாள். லைல் நாற்காலியில் உட்கார்ந்து, தாளைத் தன் பக்கம் இழுத்து, “கையெழுத்து எங்க போடணும்?” என்றான். அதற்குக் கையெழுத்தே கிடையாது. பாவம், எங்காவது ஒரு கையெழுத்துப் போட்டுவிட மாட்டோமா என்று மூன்று வருடமாகக் காத்திருந்தவன்.

“அப்பா,” என்றாள் ஜோஸ்லின். “பூட்ஸைக் கழட்டுங்க.”

“எதுக்கு?”

“வந்து நில்லுங்க. எத்தனை ஞாயித்துக்கிழமை நான் நின்னேன். ஒரு தடவை நீங்க நில்லுங்க.”

“அதான் சுவத்துல போட்டிருக்கே.”

“சுவத்துல போட்டிருக்கறது எனக்கும் தெரியும்.”

அவன் டானெட்டைப் பார்த்தான். அவள் சிங்க்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். ஒரு பூட்ஸ், பிறகு இன்னொன்று, பிறகு தொப்பி. சாக்ஸோடு போய்க் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றான். கட்டைவிரல் பக்கம் சாக்ஸ் ஓட்டை. ஜோஸ்லின் நாற்காலி போட்டு ஏறி, அவன் தலைமேல் புத்தகத்தை வைத்தாள்.

“மூச்சை விட்டுடுங்கப்பா,” என்றாள் மெதுவாக.

அவன் விட்டான். அவள் கோடு போட்டாள். டேப்பை வைத்து அளந்தாள்.

“ஆறடி.”

“இன்னொரு தடவை பாரு.”

“பாத்துட்டேன். ஆறடி.”

லைல் திரும்பிக் கோட்டைப் பார்த்தான். பிறகு சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்தான். முப்பது வருடமாகத் தனக்குள் நிமிர்ந்து நின்ற ஒரு ஆளைக் காணோம் என்பதுபோல் இருந்தது அவன் முகம். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“நான்தான்டா டைப் பண்ணேன்,” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“அந்த வருஷம் நான் ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாத்தேன்ல. கால்பந்து கோச் வந்து, தடுப்பு வரிசைப் பசங்களுக்கு ஆளுக்கு நாலு அங்குலமும் இருபது பவுண்டும் ஏத்திப் போடு, எதிர் டீம் படிச்சுட்டுப் பயப்படணும்னாரு. எல்லாருக்கும் போட்டேன். உனக்கும் போட்டேன்.”

“ஒரு தடவைகூடச் சொல்லலையே, அக்கா.”

“நீ அதைச் சட்டம் போட்டு மாட்டினியேடா. எப்படிச் சொல்றது?”

அவன் உட்கார்ந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. ஒரு மேட்ச் நாளுக்காக நான் தட்டிய நாலு அங்குலம், தரகுக்காரி கணக்கில் ஏறி, கேக்கில் ஏறி, கொட்டகையில் ஏறி, கடைசியில் இந்தப் பெண்ணின் முதுகெலும்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கோச்சைத் திட்ட எனக்கு வாய் உண்டு, யோக்கியதைதான் இல்லை.

ஜோஸ்லின் ட்ரிஷின் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். முடித்ததும் வாசித்தாள்.

“‘வெஸ்ட் ப்ரெய்ரி என்னை வேண்டாம் என்றுவிட்டது. எனக்கு ஐந்தடி எட்டரை. என் அப்பாவுக்கு ஆறடி. இதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் வளரப்போவதில்லை. பந்தைத் தூக்கிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்.’”

“உன் ஆட்டத்தை நீயே முடிச்சுக்கறே,” என்றாள் ட்ரிஷ்.

ஜோஸ்லின் அப்பா பக்கம் திரும்பினாள். “அப்பா, உங்களையும் போட்டிருக்கேன். எடுத்துடவா?”

லைல் கதவு நிலையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “இருக்கட்டும்,” என்றான்.

ஜோஸ்லின் அதை அப்படியே இணையத்தில் போட்டாள். ட்ரிஷ் சொன்னது முக்கால்வாசி பலித்தது. எட்டு மாதம் ஒரு கல்லூரியும் கூப்பிடவில்லை. கத்தரிப்பூச் சட்டை போட்டுக்கொண்டு விருந்தில் என் கேக்கைத் தின்றவர்கள் இப்போது ஜோஸ்லினைப் பார்த்ததும் சோள விலையைப் பற்றிப் பேசினார்கள். நன்றிகூடச் சொல்லத் தெரியாத பெண் என்று தேவாலயத்தில் முணுமுணுப்பு. தீவனக் கடையில் லைலுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்.

“வாப்பா ஆறடி, நல்லாயிருக்கியா?” என்றார் ஆல்வின்.

“கடைசியில எல்லாருக்கும் அதானே அளவு,” என்றான் லைல். அவன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஜோஸ்லின் மட்டும் தினமும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் சுவரோடு ஆடினாள். பந்தைத் தூக்கி அனுப்புவாள், சுவர் திருப்பி அனுப்பும். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அடுப்பு முன்னால் நின்று அழுதேன்.

ஜூனில் ஒரு சின்னக் கல்லூரியின் கோச் இரண்டு மணி நேரம் காரோட்டிக்கொண்டு நேரே வந்தாள். ஆயிரம் பேர்கூடப் படிக்காத கல்லூரி. முழு உதவித்தொகையெல்லாம் கிடையாது. உயரத்தைக் கேட்கவில்லை, “அதான் எழுதியிருந்தியே” என்றாள். பந்தைக் கையில் கொடுத்து, “எவ்வளவு நேரம் வேணும்னாலும் தூக்கு, நான் பாக்கறேன்” என்று கூடத்துப் பலகையில் உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, “உனக்கு எங்ககிட்ட வரணும்னு ஆசை இருந்தா யோசிச்சுச் சொல்லு. வெள்ளிக்கிழமை வேற யாரும் போன் பண்ணல,” என்றாள்.

ஜோஸ்லின் இந்த முறை நிஜமாகவே யோசித்தாள். ஐந்து மாதம். நவம்பரில், காகிதத்தில், தன் கையால் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கு முந்தின நாள் லைல் என் கடைக்கு வந்தான். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ. கண்ணாடிப் பெட்டிக்குமேல் முழங்கையை ஊன்றி நின்றான்.

“ஒரு கேக் வேணும் அக்கா. ஓரடுக்கு போதும்.”

“என்ன நிறம்?”

“வெள்ளை.”

“என்ன எழுதணும்?”

“ஜோஸ்லின்னு போடு. கீழ, அஞ்சடி எட்டரை.”

கிரீம் பையை எடுத்தேன். பழக்கதோஷம் விடுமா? “அரையை எழுதினா கேக்குல நல்லாவே இருக்காதுடா,” என்றேன். “ஒன்பதுன்னே போட்டுடட்டுமா?”

என் தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“வேணாம் அக்கா,” என்றான். “எட்டரை. நான் நிக்கறேன், நீ எழுது.”

நான் எழுதி முடிக்கிறவரை அங்கேயே நின்றான்.